இன்னும் எட்டு டிகிரி

“என் அறைக்கு இன்னும் எட்டு டிகிரி வேணும்.”

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என் கைடு பேராசிரியை தோருனின் மேஜை முன்னால் நின்று இப்படிக் கேட்டேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி தருவார், அதைக் குடித்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்று என் மேல் எனக்கே சந்தேகம்.

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நார்வேயின் வடக்கே ஸ்டூர்விக் என்கிற இந்தத் துறைமுக ஊரில் நான் வந்து இறங்கிய அன்றே, சீனியர் கோதண்டராமன் என் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபடியே விதிகளை ஒப்பித்தார்.

“கைடுகிட்ட எதையும் கேக்காதே. அவங்களா குடுத்தா வாங்கிக்கோ. அப்புறம், ரூம் சுவத்துல ஒரு மஞ்சள் பட்டன் இருக்கும். குளிருதுன்னு அதை மட்டும் அழுத்திடாதே.”

“ஏண்ணே?”

“அழுத்துற ஒவ்வொரு தடவையும் பதிவாகும். விசா நீட்டிக்கறப்ப எடுத்துப் பார்ப்பாங்க. ‘இந்த ஆளு இந்த ஊருக்கு ஒத்துவர மாட்டான்’னு எழுதிடுவாங்க. எனக்கு முந்தின செட்டுல ஒருத்தர் பதினோரு தடவை அழுத்தினார். இப்ப எங்க இருக்கார் தெரியுமா?”

“எங்க?”

“திண்டுக்கல்ல.”

நான் கோபக்காரி. பிளஸ் டூவில் ஆய்வகச் சாவி தர மறுத்த வாத்தியாரிடம் சண்டை போட்டே சாவி வாங்கியவள். ஆனால் எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆளும் நான்தான். விசா என்ற சொல்லைக் கேட்டதும் என் கோபம் சுருண்டு படுத்துக்கொண்டது. இரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

“எட்டா?” என்றார் தோருன். “இப்போது எவ்வளவு இருக்கிறது?”

“பதிமூணு.”

“ஜன்னல் சரியாக மூடுகிறதா?”

“ஜன்னல் மூடித்தான் இருக்கு. என் புத்திதான் அதைவிட நல்லா மூடி இருந்துச்சு.”

நாங்கள் பேசியது ஆங்கிலம். எனக்குக் கோபம் வந்தால் அது தமிழாகத்தான் காதில் விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

என் புத்தி திறந்தது ஞாயிற்றுக்கிழமை. தோருன் தன் ஆராய்ச்சி மாணவர்களைக் குன்றின் மேலிருக்கும் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். உள்பனியன், அதன்மேல் சுடிதார், இரண்டு ஸ்வெட்டர், சால்வை, கோட்டு என்று வழக்கமான அலங்காரத்தோடு போனேன். கதவைத் திறந்தது அவருடைய பத்து வயது மகள். அரை டிராயர், வெறுங்கால், கையில் ஐஸ்கிரீம். வெளியே இடுப்பளவு பனி. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கால் மணி நேரத்தில் கோட்டைக் கழற்றினேன். சூப் வருவதற்குள் சால்வை. மீன் வருவதற்குள் இரண்டு ஸ்வெட்டரும். நெற்றியில் வியர்வை. நார்வேயில் எனக்கு வியர்த்தது அதுதான் முதல் தடவை. சுவரில் பார்த்தேன்: இருபத்திரண்டு டிகிரி.

“விருந்தாளிகளுக்காகக் கூட்டி வெச்சீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லையே, எப்போதும் இதுதான்” என்றார் தோருன், சாதாரணமாக.

இரண்டு வருஷம். குளிர் நாடு என்றால் வீட்டுக்குள்ளும் குளிரத்தான் செய்யும், இவர்கள் பழகிவிட்டார்கள், நாமும் பழகவேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் வீடுகளுக்கு வெப்பம் பங்கிடுவதைப் பற்றியே முனைவர் பட்டம் செய்துகொண்டு! என்னை மாதிரி ஒரு முட்டாளை எங்கள் தென்காசிப் பக்கம் தேடினாலும் கிடைக்காது.

“உனக்குக் குளிர்கிறது என்றால் பட்டனை அழுத்தியிருக்கலாமே” என்றார் தோருன். “அதற்காகத்தானே வைத்திருக்கிறோம்.”

“அழுத்தினா விசா போயிடும்.”

தோருன் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “யார் சொன்னது?” என்று கேட்டார்.

“எல்லாரும்.”

“எல்லாரும் என்றால்?”

“சி கட்டடத்துல இருக்கற எல்லாரும்.”

அப்போதுதான் அவருடைய சிரிப்பு நின்றது. திரும்பித் தன் கணினியில் எதையோ தேடினார். நான் இப்போதுதான் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குவதைச் சட்டம் தடுத்துவிட்ட பிறகு, ஸ்டூர்விக் ஊருக்கு வேண்டிய வெப்பம் முழுவதும் கடல்நீரிலிருந்து வருகிறது. கடலோரத்தில் ஒரு நிலையம் அதை உறிஞ்சிக் குழாயில் அனுப்புகிறது. கடுங்குளிர் நாட்களில் அது எல்லாருக்கும் போதாது. அப்போது யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய தோருன் ஓர் இயந்திர மூளையைச் செய்தார். பெயர் நொய்சோம். அவர்கள் மொழியில் ‘கொஞ்சத்தில் திருப்தி அடைகிறவர்’ என்று அர்த்தம்.

“எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள்” என்று முதல் வகுப்பிலேயே எனக்கு விளக்கியிருந்தார். “அதனால் நாம் கேட்பதில்லை. கவனிக்கிறோம். ஒவ்வோர் அறையிலும் வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறோம். பட்டனை அழுத்தினால் அது அவர்களுடைய எல்லை. அழுத்தாவிட்டால் இன்னும் கொஞ்சம். இப்படியே போனால் ஒவ்வொருவருக்கும் உண்மையில் எவ்வளவு போதும் என்று தெரிந்துவிடும்.”

நான் கைதட்டாத குறையாகக் கேட்டேன். எவ்வளவு நியாயம்!

சி கட்டடம் எங்கள் விடுதி. வெளிநாட்டு மாணவர்கள் மட்டும், நூற்று எண்பத்தாறு அறைகள். நொய்சோம் அதில் நாற்பத்தொரு சதவீதம் மிச்சம் பிடித்தது. ஊரிலேயே அதுதான் சாதனை. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமே அதுதான், உலகம் மதிக்கிற ஓர் ஆய்விதழ் அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டுமிருந்தது. அட்டவணையில் ஒரு பத்திக்கு ‘விருப்ப வெப்பநிலை’ என்று தலைப்பு. அதன் கீழே பதிமூன்று, பதிமூன்று, பன்னிரண்டரை, பதிமூன்று என்று நிரப்பியவள் நான். என் அறையின் எண்ணையும் நானே நிரப்பினேன், ஸ்வெட்டர் கையை முழங்கை வரை தள்ளிக்கொண்டு. சிலருக்கு இப்படியும் விருப்பம் இருக்குமாக்கும் என்று நினைத்தேன்.

“ஆறு வருஷம்” என்றார் தோருன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நூற்று எண்பத்தாறு அறைகள். ஒருவர்கூட ஒரு தடவைகூட அழுத்தவில்லை. நான் இதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.”

“மிச்சமான வெப்பம் எங்க போச்சு?”

அவர் ஊர்க் குழாய்களின் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சி கட்டடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு குன்றின் மேல் ஏறியது. அவர் வீடு இருக்கும் தெருவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வியர்த்தது என் சொந்த அறையின் வெப்பத்தில்தான்.

“வியாழக்கிழமை கையெழுத்து முடியட்டும்” என்றார் தோருன். “அடுத்த பதிப்பில் இதைச் சரி செய்வோம். உன் ஆய்வேட்டில் குறைகளைச் சொல்கிற வரம்புகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துக்கொள். போதும்.”

வியாழக்கிழமை கையெழுத்து என்று அவர் சொன்னது தமிழ்நாட்டைப் பற்றி. அதற்கும் காரணம் நான்தான். பெருமை தாங்காமல், நொய்சோமை வெயிலுக்கும் சோதிக்கலாம், எங்கள் ஊரில் சோதிக்கலாம் என்று யோசனை சொன்னேன். பூவன்குளம் பீடிக் காலனி. இருநூற்று நாற்பது வீடுகள், கூரையில் சூரியத் தகடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய பேட்டரி. அதிலிருக்கும் மின்சாரத்தை யாருக்கு எவ்வளவு என்று தை மாதத்திலிருந்து நொய்சோம் பங்கிடுகிறது. மிச்சமாவது பக்கத்து டவுனுக்குப் போகிறது. சி கட்டடத்தையே தோற்கடித்துவிட்டது எங்கள் காலனி: ஐம்பத்திரண்டு சதவீதம் மிச்சம். இதை இன்னும் நாற்பது காலனிகளுக்குக் கொண்டுபோகத்தான் வியாழக்கிழமை கையெழுத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு சி கட்டடத்தின் பொதுச் சமையலறைக்குப் போனேன். வழக்கம்போல் இருபது பேர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் சமைத்தால் இருபது பேர் வேடிக்கை பார்ப்பது எங்கள் விடுதியின் வழக்கம். பல தேசத்துப் பிள்ளைகள் எவ்வளவு பாசமாக இருக்கிறோம் என்று அம்மாவுக்குப் போட்டோகூட அனுப்பியிருக்கிறேன். பாசமாவது மண்ணாவது. அடுப்புக்கு வந்த கூட்டம்.

கோதண்டராமன் அண்ணன் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எஃபுவா. கானா நாட்டிலிருந்து மீன்வள ஆராய்ச்சிக்கு வந்தவள். மீன்பிடிப் படகுக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிற முழு அங்கியைப் பழைய சாமான் கடையில் வாங்கி, தூங்கும்போதுகூடக் கழற்றாமல் இருப்பவள்.

“பட்டனுக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லையாம்” என்றேன், எல்லாருக்கும் புரியும் ஆங்கிலத்தில். “புரொஃபசர் வாயாலயே சொல்லிட்டாங்க.”

“சொல்லத்தான் செய்வாங்க” என்றார் அண்ணன். “இதோ பாரும்மா இசக்கி, ஆறு வருஷமா நான் யார்கிட்டயும் எதையும் கேக்கல. எவ்வளவு நிம்மதியா இருக்கேன் பாரு.” சொல்லும்போதே இன்னொரு கையை அடுப்பின் மேல் நீட்டிக் குளிர் காய்ந்தார்.

எஃபுவா கரண்டியைக் கீழே வைத்தாள். “இரு இரு. உங்கள் ஊர்க்காரர்களுக்கும் இந்த விதி இருக்கிறதா? எங்கள் ஊர் ஆட்கள் மூன்று தடவை அழுத்தினால் உதவித்தொகை நின்றுவிடும் என்றல்லவா சொன்னார்கள்?”

மூலையிலிருந்து நேபாளத்துப் பையன் சொன்னான்: “எங்களுக்கு ஒரே தடவைதான்.”

எஃபுவா வெடித்துச் சிரித்தாள். அவளைப் பார்த்து எல்லாரும். சிரித்துச் சிரித்து நேபாளத்துப் பையனுக்கு விக்கல் வந்துவிட்டது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பட்டனால் யாருடைய விசாவும் போகாது என்று தோருனிடம் எழுதி வாங்கி வந்திருந்த கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பருப்பு அடிப்பிடித்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

“அப்ப வசுமதியை நான் கூட்டிட்டு வந்திருக்கலாம்” என்றார்.

வசுமதி அவர் மனைவி. மன்னார்குடியில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது.

“குளிர் தாங்க மாட்டா, படிப்பு முடிஞ்சு நானே வந்துடறேன்னு சொல்லிச் சொல்லியே... மூணு வருஷம்மா.”

எஃபுவா அவர் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். “அழுவதாக இருந்தால் அப்புறம் அழு. இவள் முகத்தைப் பார், ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள்.”

வைத்திருந்தேன். நொய்சோமில் தோருனுக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு: அடிக்கடி அழுத்துபவரை அது அவ்வளவாக மதிக்காது. எப்போதுமே அழுத்தாதவர் அழுத்தினால் நிஜமான அவசரம் என்று எடுத்துக்கொண்டு மற்றவர்களிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கும். ஆறு வருஷம் வாயைத் திறக்காத நூற்று எண்பத்தாறு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால்?

“வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று கேட்டார் கோதண்டராமன் அண்ணன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் அப்போது ராத்திரி ஏழரை. அம்மா பெயர் முப்பிடாதி. முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள்.

“ஏட்டி, என்ன இந்நேரத்துல? சாப்பிட்டியா?”

“நீ எங்கம்மா இருக்க? நாய் குரைக்கிற சத்தம் கேக்கு.”

“தெருவுலதான். எல்லாரும் பாயைப் போட்டு உக்காந்துருக்கோம். காத்தாட.”

“வீட்டுக்குள்ள ஃபேன் ஓடலையா?”

“ஓடுது, ஓடுது. ரெக்கையை எண்ணிரலாம், அந்த வேகத்துல ஓடுது. மாசி பொறந்ததுலருந்து ஏழு மணிக்குக் கொறைஞ்சிரும், பத்தரைக்குக் கூடும். நல்ல மிஷினுட்டி, நேரம் தப்பாது.”

“பட்டன் இருக்குல்லா? அழுத்த வேண்டியதுதான?”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அத நான் யாரையும் தொட விடல.”

“ஏன்?”

“நீ செஞ்ச மிஷினுலா அது? கொறை சொன்னா ஒனக்கு மார்க்கு கொறைச்சிருவாவன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். சுடலி மக அழுத்தப் போனா. கையைத் தட்டி விட்டுட்டேன்.”

“எம்மா! இருநூத்தி நாப்பது வீட்டுக்காரங்களுமா அழுத்தாம இருக்காங்க?”

“நம்ம காலனிப் புள்ள படிப்புன்னா இத்தனூண்டு தாங்க மாட்டாவளா? முந்தாநாளு ஒங்க சுடலி அத்தை மயங்கி விழுந்துட்டா. ஒண்ணுமில்ல, சோடா குடுத்தோம். எந்திரிச்சு ஒக்காந்து என்னையத்தான் வைதா.”

“நீ எப்படி இருக்க?”

“எனக்கென்ன, நல்லாருக்கேன்.”

“பகல்ல ஃபேன் போடுதியா?”

“பீடி சுத்தையில எவ ஃபேன் போடுவா? தட்டுல இருக்கற தூளெல்லாம் பறந்துராது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலனியில் எல்லா வீட்டிலும் பீடிதான். எல்லா வீட்டிலும் காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, கதவையும் பாதி சாத்திவிட்டு, வேர்க்க வேர்க்கச் சுற்றுவார்கள். நொய்சோம் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும்? இந்த மக்களுக்கு நாற்பது டிகிரி வெயிலிலும் ஃபேன் தேவையில்லை என்று கற்றுக்கொள்ளும். பகலில் தேவைப்படாதவர்களுக்கு ராத்திரியில் எதற்கு என்று குறைக்கும். கற்றுக்கொண்டுவிட்டது. குறைத்துவிட்டது. அவர்களை ‘மிகச் சிறந்த பயனாளர்கள்’ என்று நான் அறிக்கை எழுதிவிட்டேன்.

நார்வேக்காரிக்கு இது தெரியாது, சரி. அந்தத் தூளைப் பதினெட்டு வருஷம் சுவாசித்து வளர்ந்த எனக்கு ஏன் தோன்றவில்லை? அட்டவணையைப் பார்த்தபோது நான் எண்களைத்தான் பார்த்தேன். எங்கம்மா தெரியவில்லை.

“எம்மா, மார்க்கெல்லாம் யாரும் கொறைக்க மாட்டாங்க. நீ போய் முதல்ல பட்டனை அழுத்து.”

“நீ அப்படித்தான் சொல்லுவ. பன்னண்டாப்புல பெயிலாயிருவேன்னு அழுதுட்டு மொதல் மார்க்கு வாங்குனவதான நீ. வையி போனை, ஒலை கொதிக்கு.”

வைத்துவிட்டாள். போனில் சொல்லி எங்கம்மாவை யாரும் மாற்றிவிட முடியாது. இது நொய்சோமுக்குத் தெரியாத இன்னொரு விஷயம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு வேலைகளை முடித்தேன். பிறகு பெட்டியைக் கட்டிக் கூட்ட அரங்கத்துக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கையெழுத்துப் போடச் சென்னையிலிருந்து வந்திருந்த அரசு இணை இயக்குநர் நடேசமூர்த்தி முன்வரிசையில் கோட்டு சூட்டோடு இருந்தார். கையில் ஒரு பொன்னாடை, கையெழுத்தானதும் தோருனுக்குப் போர்த்துவதற்காக. பக்கத்தில் நொய்சோமை விற்கும் நிறுவனத்தின் ஆட்கள் மூன்று பேர். மேடையில் தோருன் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்தில், நொடிக்கு நொடி மாறும் நேரடிக் காட்சி: சி கட்டடம், மிச்சம் 41 சதவீதம்.

பத்து மணி பத்து நிமிஷம். நாற்பத்தொன்று முப்பத்தெட்டானது.

தோருன் கவனிக்கவில்லை. “சகிப்புத்தன்மை உள்ள சமூகங்களில் இந்த முறை...” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது. பத்தொன்பது. நிறுவனத்து ஆள் ஒருவர் இருமிக் காட்டினார். பதினொன்று. தோருன் திரும்பிப் பார்த்தபோது நான்கு. அப்புறம் அது பூஜ்யத்துக்குக் கீழே போய் சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. ஆறு வருஷ பாக்கியைக் கேட்கிறார்கள் என் ஆட்கள். எஃபுவா இந்நேரம் அந்த ஆரஞ்சு அங்கியைக் கழற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்தது.

அரங்கமும் அதே குழாயில்தான் இருக்கிறது. இங்கே காற்றாகத்தான் சூடு வரும், அதனால் நின்றால் உடனே தெரியும். முதலில் கைகளைத் தேய்த்துக்கொண்டார்கள். பிறகு கோட்டுப் பொத்தான்களைப் போட்டார்கள். இருபது டிகிரி. பத்தொன்பது. நடேசமூர்த்தி இருபுறமும் பார்த்தார். மெதுவாகப் பொன்னாடையைப் பிரித்தார். தோருனுக்குக் கொண்டுவந்த சரிகைப் பொன்னாடையைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதுவும் போதவில்லை. எழுந்துபோய், சுவரிலிருந்த மஞ்சள் பட்டனை, யாரிடமும் கேட்காமல், கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன்.

“சார், குளிருதா?”

தமிழைக் கேட்டதும் ஆச்சரியத்தோடு திரும்பினார். “ஆமாம்மா. என்ன திடீர்னு இப்படி ஆயிடுச்சு?”

“குளிர ஆரம்பிச்சு நாலு நிமிஷத்துல அழுத்திட்டீங்க. இந்த ஊர்ல சி கட்டடத்துல இருக்கறவங்க ஆறு வருஷம் அழுத்தலை. பயம். இப்ப அவங்க அத்தனை பேரும் அழுத்தினாங்க, அதான் உங்களுக்குக் குளிருது.”

“நீ எந்த ஊரு?”

“பூவன்குளம் பீடிக் காலனி.”

அவர் ஃபைலைப் புரட்டினார். “அது நம்ம பைலட் ஊராச்சே. ஜனங்க ரொம்பத் திருப்தியா இருக்கறதா ரிப்போர்ட் இருக்கே.”

“அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான்தான் சார். தப்பா எழுதிட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்திலும் சொன்னேன், எல்லாருக்கும் புரியட்டும் என்று. பீடித் தூள், ஃபேன், அம்மா யாரையும் தொட விடாத பட்டன், சுடலி அத்தைக்குக் கொடுத்த சோடா, குன்றின் மேல் ஏறும் சிவப்புக் கோடு. குரல் உயர்ந்துதான் இருந்தது. நடேசமூர்த்தி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். “கையெழுத்து அப்புறம் பார்த்துக்கலாமே, முதல்ல டீ சாப்பிடுவோம்” என்றார். நிறுவனத்து ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தோருன் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

“பதினோரு வருஷ வேலை, இசக்கி” என்றார். “அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னைப் பற்றிச் சொல்கிறேன், கேள். சி கட்டடத்தை எடுத்துவிட்டால் உன் ஆய்வேட்டில் ஒன்றுமே இல்லை. உனக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது. கட்டுரையை விட்டுவிடாதே. வரம்புகள் பகுதியில் ஒரு வரி அல்ல, ஒரு பக்கமே எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். திங்கட்கிழமை வரை யோசி.”

“கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு காலைல ஏழு மணிக்கே இதழுக்கு எழுதிட்டேன். உங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். நீங்க இன்னும் மெயில் பாக்கலை.”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அரங்கத்தில் மெல்லச் சூடு திரும்பிக்கொண்டிருந்தது.

“இப்போது என்ன செய்யப்போகிறாய்?”

“ஊருக்குப் போறேன். பன்னிரண்டே காலுக்கு ஏர்போர்ட் பஸ். மெயில் அனுப்பின கையோட டிக்கெட்டும் எடுத்துட்டேன். நாலு மாசம் இருந்து முதல்ல இருந்து அளக்கப் போறேன்.”

“எந்தக் கருவியை வைத்து?”

“கருவி இல்லை. வீடு வீடாப் போய்க் கேக்கப் போறேன். எவ்வளவு வேணும்னு.”

தோருன் களைப்போடு சிரித்தார். “கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்று இவ்வளவு நேரம் நீதானே சொன்னாய்? உன் அம்மாவே சொல்லவில்லையே.”

“எங்கம்மா சொல்ல மாட்டாங்க. அவங்ககிட்ட அவங்களைப் பத்திக் கேக்கவே போறதில்லை. சுடலி அத்தையைப் பத்திக் கேப்பேன். எப்பப்ப மயக்கம் வருது, எந்த நேரம் காத்து வேணும்னு, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாம சொல்லுவாங்க. அப்புறம் சுடலி அத்தை வீட்டுக்குப் போய் எங்கம்மாவைப் பத்திக் கேப்பேன். இப்படியே இருநூத்தி நாப்பது வீடு.”

அவருடைய மூளை வேலை செய்ய ஆரம்பித்தது கண்ணிலேயே தெரிந்தது. எவ்வளவு கோபமிருந்தாலும் அந்த அழகை ரசிக்காமல் இருக்க முடியாது.

“பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை எண்ணாக மாற்றுவது எப்படி?” என்றார். “அதை நொய்சோமுக்குள் எப்படிக் கொடுப்பாய்?”

“தெரியலை. வந்து சொல்றேன்.”

“இசக்கி, நில். இதற்கு முதலில் பல்கலைக்கழகக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஒரு விண்ணப்பம் எழுதி...”

நான் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பெட்டியின் பிடியை இழுத்துவிட்டிருந்தேன்.